நடந்தவன் குற்றவாளி!

நடக்கிறான் ஒருவன். கையில் காசு இல்லை, நடக்கிறான். அடுத்த ஊரில் ஆலை இருக்கிறதாம், ஆள் எடுக்கிறார்களாம், கேள்விப்பட்டான், நடக்கிறான். இதிலே குற்றம் எங்கே வந்தது? யார் குடி முழுகிற்று? எந்தக் கோட்டை இடிந்தது?

ஆனால், தோழர்களே, ஆங்கில நாட்டிலே அந்த நடைக்கென்றே ஒரு சொல் வந்தது. அந்தச் சொல்லே நடந்தவனின் பெயராயிற்று. அந்தப் பெயர் வசையாயிற்று. அந்த வசைக்குத் துணையாகச் சட்டம் வந்தது, சட்டம் சிறைக்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு "வா உள்ளே!" என்றது. காலடி ஓசையாகத் தொடங்கிய சொல், கைவிலங்கு ஓசையிலே போய் நின்றது. 'டிராம்ப்' என்பது அந்தச் சொல்.

சொல்லாராய்ச்சி புலவர்களின் வேலையாயிற்றே, இவனுக்கு ஏன் இந்த வேலை என்று கேட்பீர்கள். பள்ளிப் படிப்போடு நின்றவன் நான், மறுக்கவில்லை. பழைய புத்தகக் கடையிலே அட்டை கிழிந்த ஆங்கில அகராதி ஒன்றை வாங்கி, இரவு விளக்கடியிலே புரட்டிப் பழகியவன். அந்தப் பழக்கத்திலே கண்டது ஒன்று: அகராதியிலே பாதி இடத்தில் பொருள் எழுதியிருப்பவன் புலவன், மீதி இடத்தில் எழுதியிருப்பவன் நில உடைமைக்காரன்!

நடப்பதற்கு ஆங்கிலத்திலே சொற்கள் ஏராளம். பொதுவாக நடந்தால் 'வாக்'. சீமாட்டி தோட்டத்திலே குடை பிடித்து உலாவினால் 'ஸ்ட்ரோல்'. சீமான் உண்ட களைப்புத் தீரக் கைகட்டிச் சாவகாசமாய் நடந்தால் 'சாண்ட்டர்'. படை வரிசையாய் நடந்தால் 'மார்ச்'. களைத்தவன் காலை இழுத்து இழுத்து நடந்தால் 'டிரட்ஜ்'. கனத்த செருப்போடு தொம், தொம் என்று தரையதிர மிதித்து, மைல் மைலாக நடக்கிறானே, அவனுடைய நடை 'டிராம்ப்'. பேச்சு வழக்கிலே புழங்குகிற சொல். புழுதி படிந்த சொல்.

வட ஜெர்மனியில் வழங்கிய தாழ்ஜெர்மன் மொழியில் 'டிராம்பன்' என்றொரு சொல். காலை ஓங்கி மிதிப்பது என்று பொருள். 14ஆம் நூற்றாண்டிலேயே அது ஆங்கிலத்திலே வழங்கிற்று. மிதித்துத் துவைப்பதற்கு 'டிராம்பிள்' என்கிறார்களே, அது இதன் உடன்பிறப்பு. சென்னையிலே 1895 முதல் 1953 வரை தண்டவாளத்தில் ஓடிற்றே டிராம் வண்டி, அதற்கும் இதற்கும் உறவு உண்டோ என்று நானும் ஆசையோடு தேடினேன். இல்லை. அது மரச்சட்டத்தைக் குறித்த வேறொரு சொல்லின் வழி வந்தது. நடப்பவனுக்கும் டிராமிலே போகிறவனுக்கும் சொல்லிலே கூட உறவு இல்லை!

முந்நூறு ஆண்டுக்காலம் இந்தச் சொல் வினையாக இருந்தது. செய்கையைச் சொல்லிற்று, செய்பவனைச் சுட்டவில்லை. 1660-களிலேதான், ஊர் ஊராய் அலைகிறவனுக்கு 'டிராம்ப்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். உழுகிறவன் உழவனாவது போல நடக்கிறவன் டிராம்ப் ஆனான் என்று இலக்கணக்காரர் எளிதாகச் சொல்லிவிடுவார். உழவனுக்கு நிலம் உண்டு. இவனுக்கு? இருந்தது, ஒரு காலத்தில்.

ஊருக்குப் பொதுவான மேய்ச்சல் நிலம் இருந்தது. அங்கே அவனுடைய பசு மேய்ந்தது, அவன் பிள்ளை விறகு பொறுக்கினான். கம்பளிக்கு விலை ஏறிற்று. கம்பளிக்கு ஆடு வேண்டும், ஆட்டுக்குப் புல் வேண்டும், புல்லுக்கு நிலம் வேண்டும். பிரபு வேலி போட்டார். ஆடு உள்ளே, ஆள் வெளியே! வெளியே வந்தவன் எங்கே போவான்? நடந்தான். நடந்தவனைப் பார்த்துப் பிரபு கேட்டார், "யாரடா இவன், வேலை வெட்டி இல்லாமல் அலைகிறவன்?" என்று.

கேட்டதோடு விட்டாரா? 1547-ல் ஆறாம் எட்வர்டு மன்னன் பெயரால் ஒரு சட்டம் செய்தார்கள். மன்னனுக்கு வயது ஒன்பதோ பத்தோ, செய்தவர்கள் பெரியவர்கள். வேலையின்றித் திரிபவனைப் பிடித்து, மார்பிலே பழுக்கக் காய்ச்சிய இரும்பால் 'வி' என்று சூடு போடு. பிடித்துக் கொடுத்தவனுக்கே இரண்டாண்டு அடிமையாக்கு என்றது அது. 'வி' என்றால் 'வாகபாண்டு', அலைபவன். ஓடினால் மீண்டும் சூடு, ஆயுள் முழுதும் அடிமை. மூன்றே ஆண்டில் அந்தச் சட்டத்தை விலக்கிக்கொண்டார்கள். சட்டம் போயிற்று, புத்தி போகவில்லை.

இந்த இருட்டிலே வெளிச்சமான ஒரு காலமும் இருந்தது. நம் தொழிலாளத் தோழர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது அது.

18, 19ஆம் நூற்றாண்டுகளிலே பிரிட்டிஷ் கைத்தொழிலாளர் சங்கம் கட்டினார்கள். கம்பளி சீவுகிறவர், தொப்பி செய்பவர், கல் தச்சர், அச்சுக் கோப்பவர், இரும்பு வார்ப்பவர் என்று தொழிலுக்கொரு சங்கம். ஊரிலே வேலை இல்லையென்றால் சங்கம் உறுப்பினன் கையிலே ஒரு சீட்டைக் கொடுக்கும். "நம்மவன், நம்பத்தக்கவன்" என்பது அந்தச் சீட்டின் சாரம். அதை மடியிலே வைத்துக்கொண்டு அவன் அடுத்த ஊருக்கு நடப்பான். அங்கே சங்கத்தார் கூடும் விடுதி ஒன்று இருக்கும். சீட்டைக் காட்டினால் இரவுச் சாப்பாடு, படுக்கை, ஒரு குவளை பீர். விடிந்ததும் அந்த ஊரிலே வேலை உண்டா என்று சங்கத்தானே விசாரித்துச் சொல்லுவான். இல்லையென்றால் வழிச்செலவுக்குச் சில காசு, மேலே நட! இதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் என்ன தெரியுமா? 'ஆன் டிராம்ப்'. வெட்கப்பட்டுச் சொன்ன பெயர் அல்ல. சங்கத்தான் பயணம் போகிறான், சகோதரர் வீட்டிலே தங்குகிறான்!

வேலை நிறுத்தத்திலும் இது பயன்பட்டது. மணமாகாத இளைஞர்களை 'டிராம்ப்' அனுப்பிவிடுவார்கள். ஊரிலே உண்ணும் வாய் குறையும், சங்கத்துப் பணம் குடும்பக்காரர்களுக்குத் தாக்குப் பிடிக்கும், வேலைக்கு ஆள் பிடிக்கிற முதலாளிக்கு ஆள் கிடைக்காது. ஒரே கல்லில் மூன்று மாங்காய்! ஊருக்கு ஊர் செய்தி கொண்டு போனவனும் இந்த நடைக்காரன்தான். எந்த ஊரிலே கூலி எவ்வளவு, எந்த முதலாளி யோக்கியன், எவன் அயோக்கியன் என்பதெல்லாம் அவன் செருப்போடு போயிற்று. எரிக் ஹாப்ஸ்பாம் என்ற வரலாற்று அறிஞர் 1951-ல் இதைப்பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார்.

இங்கே இன்னொரு வேடிக்கை. தொழில் கற்றுத் தேர்ந்த கூலியாளை ஆங்கிலத்தில் 'ஜர்னிமேன்' என்பார்கள். 'ஜர்னி' என்றால் பயணம், ஆகவே பயணம் போகிறவன் என்றுதான் நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். தவறு. பிரெஞ்சு மொழியிலே 'ஜூர்னே' என்றால் ஒரு நாள் பொழுது. நாட்கூலிக்காரன் என்பதே அதன் பொருள்!

இந்த நல்ல ஏற்பாடு ஏன் தேய்ந்தது? ஒரு ஊரிலே வேலை போனால் அடுத்த ஊருக்கு நடக்கலாம். எல்லா ஊரிலும் ஒரே நாளிலே ஆலை மூடினால்? 1840-களின் மந்தத்திலே அதுதான் நடந்தது. தெற்கே போனவன், வடக்கே வருகிறவனை வழியிலே சந்தித்தான். இருவர் மடியிலும் சீட்டு, இருவருக்கும் வேலையில்லை. பிறகு சங்கங்கள் மெல்ல மெல்ல, உள்ளூரிலேயே வேலையில்லா நாளுக்கு உதவிப்பணம் கொடுக்கும் முறைக்கு மாறின.

சங்கச் சீட்டு இல்லாதவன் கதை என்ன? அது வேறு. 1815-ல் வாட்டர்லூ போர் முடிந்தது. நெப்போலியனை வென்ற சிப்பாய்கள் வீடு திரும்பினார்கள். பல பேருக்கு வீடும் இல்லை, வேலையும் இல்லை. நேற்றுவரை அவர்கள் நடந்தால் 'மார்ச்', நாட்டுக்குப் பெருமை. இன்று அதே கால்கள் நடந்தால் 'டிராம்ப்', ஊருக்குத் தொல்லை! 1824-ல் 'அலைவோர் சட்டம்' வந்தது. பிழைக்க வழி காட்ட முடியாமல் திறந்த வெளியிலோ தொழுவத்திலோ படுத்திருந்தால் அவன் போக்கிரி. மூன்று மாதம்வரை சிறை, கடுமையான வேலையோடு. வானத்தின் கீழே தூங்கினான், அதுவே வழக்கு! இந்தச் சட்டத்தை இங்கிலாந்திலும் வேல்சிலும் நீக்குவதற்குப் பிரிட்டிஷ் பாராளுமன்றம் வகைசெய்தது எப்போது? 2022-ல். இருநூறு ஆண்டுக்கு இரண்டே ஆண்டு குறைவு.

வெளியிலே படுத்தால் சிறை. உள்ளே படுக்கலாமே என்பீர்கள். 1834-ன் ஏழைச் சட்டத்துக்குப் பிறகு ஊர்தோறும் அனாதை வேலைக்கூடங்கள் எழுந்தன. அவற்றின் பக்கத்திலே, வழிப்போக்கன் ஓரிரவு தங்குவதற்கு ஒரு கொட்டடி. அதற்கு டிராம்ப் வைத்த பெயர் 'ஸ்பைக்', அதாவது ஆணி. மாலையிலே கதவடியில் வரிசையாக நிற்க வேண்டும். மடியைச் சோதிப்பார்கள். ஒருவன் குளித்த தண்ணீரிலே அடுத்தவன் குளிக்க வேண்டும். மறுநாள் கல் உடைக்க வேண்டும், அல்லது தார் ஊறிய பழைய கப்பற் கயிற்றை விரலால் நார் நாராகப் பிரிக்க வேண்டும். 1882-ல் வந்த சட்டம், இரவு வந்தவனை மறுநாள் முழுதும் அடைத்து வைத்து, அதற்கடுத்த நாள் காலை 9 மணிக்குத்தான் வெளியே விடச் சொன்னது. காலை 9 மணிக்கு! எந்தத் துறைமுக வாயிலில், எந்த ஆலை வாயிலில், தோழரே, 9 மணிக்கு ஆள் எடுக்கிறார்கள்? விடியுமுன் எடுத்து முடித்துவிடுகிறார்களே! வேலை தேடவில்லை என்று குற்றம் சாட்டியவர்களே, வேலை கிடைக்கும் நேரத்தில் கதவைப் பூட்டி வைத்தார்கள். ஒரே மாதத்தில் அதே கொட்டடிக்கு மறுபடி வந்தால் இன்னும் கூடுதல் நாள் அடைப்பு. ஆகவே இன்று இந்த ஊர், நாளை அடுத்த ஊர், அதற்கடுத்த நாள் அதற்கும் அப்பால். நட, நட, நட!

பீகாரில் மோதிஹாரியில் பிறந்து, பர்மாவில் போலீஸ் அதிகாரியாக இருந்து, அந்த வேலையை உதறிவிட்டு இங்கிலாந்தில் கந்தலாடை உடுத்தி இந்தக் கொட்டடிகளிலே படுத்துப் பார்த்த ஒருவர் இருந்தார். ஜார்ஜ் ஆர்வெல். பாரிசிலும் லண்டனிலும் பட்ட வறுமையை 1933-ல் புத்தகமாக்கினார். டிராம்ப் ஏன் அலைகிறான்? ரத்தத்திலே ஊறிய குணம் என்றார்கள் கனவான்கள். ஆதிமனிதனின் நாடோடி இயல்பு என்றார்கள் அறிவாளிகள். ஆர்வெல் சொன்ன விடை எளிது: அலையச் சொல்லிச் சட்டம் இருக்கிறது, அலைகிறான்! ஒரே இடத்தில் தங்க விட்டால்தானே தங்குவான்?

இதே காலத்தில் இங்கிலாந்திலே இன்னொரு 'டிராம்ப்' கூட்டமும் இருந்தது. கேளுங்கள் இதை. 1879-ல் லெஸ்லி ஸ்டீபன் என்ற பேரறிஞர், தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதியின் முதல் ஆசிரியர், ஒரு சங்கம் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளிலே லண்டனிலிருந்து ரயிலேறி, நாட்டுப்புறத்திலே இறங்கி, இருபது மைல் நடப்பது, நல்ல சாப்பாடு சாப்பிடுவது, திரும்புவது. வழக்கறிஞர், பேராசிரியர், எழுத்தாளர் எல்லாம் உறுப்பினர். சங்கத்தின் பெயர்? 'ஞாயிறு டிராம்ப்கள்'! வேலி தாண்டிப் பிறர் நிலத்துக்குள் புகுந்தால் காவற்காரனிடம் ஒப்பிக்கச் சட்ட அறிஞர் பிரெடரிக் போலக் ஒரு வாசகமே எழுதிக் கொடுத்திருந்தாராம். அவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. நடந்தார்கள், நல்லது, உடம்புக்கு ஆகும். ஆனால் 1879-ல் ஞாயிற்றுக்கிழமை டிராம்ப் சங்கம், 1882-ல் மற்ற ஆறு நாள் டிராம்பைக் கொட்டடியில் பூட்டச் சட்டம்! ஒரே சொல். ஒரே சாலை. செருப்பு மட்டும் வேறு.

இந்தப் புத்தி கப்பலேறி நம் நாட்டுக்கும் வந்தது. 1874-ல் இங்கே 'ஐரோப்பிய அலைவோர் சட்டம்' என்று ஒன்று செய்தார்கள். வேலை போன வெள்ளைக்காரன் கந்தலோடு இந்தியத் தெருவிலே நடந்தால், ஆளும் இனத்தின் மானம் என்னாவது? பிடி அவனை, அடை, கப்பலேற்று! வெள்ளை டிராம்புக்கே இந்தக் கதியென்றால் மற்றவர் கதி? 1871-ல் வடக்கே வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ன் சட்டத்தின் வழியாகச் சென்னை மாகாணத்திலும் பாய்ந்தது. உப்பும் தானியமும் சுமந்து ஊர் ஊராய்ப் போன குறவர் குலத்தார் பிறவிக் குற்றவாளி என்றது. கள்ளர் நாட்டு ஆண்மகன் ரேகை வைத்து, போலீசுக்குச் சொல்லாமல் ஊர் தாண்ட முடியாமல் கிடந்தான். 1947-ல்தான் சென்னை மாகாணத்தில் அது ஒழிந்தது.

நம் மொழி மட்டும் உத்தமமா என்று ஒருவர் கேட்கலாம். கேட்கட்டும். 'பரதேசி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வேறு தேசத்தவன், யாத்திரை வந்தவன் என்பதே பொருள். இன்று தெருச்சண்டையிலே அது என்ன பொருளில் பறக்கிறது? 'கால்நடை' என்கிறோம், காலால் நடப்பதும் அதுதான், ஆடு மாடும் அதுதான். வண்டியிலே இருந்தவன் வைத்த பெயராக இருக்குமோ என்று எனக்கு ஒரு ஐயம். புலவர் பெருமக்கள் கோபிக்க வேண்டாம், ஐயம்தான்.

பெண்ணுக்கு வருவோம். 1920-களிலே அமெரிக்கப் பேச்சில் பெண்ணைப் பார்த்து 'டிராம்ப்' என்றால் ஒழுக்கங்கெட்டவள் என்று பொருளாயிற்று. ஆண் நடந்தால் திருடன். பெண் நடந்தால் அதைவிடக் கீழ்!

1873-ல் அமெரிக்காவிலே வங்கிகள் கவிழ்ந்தன. லட்சக்கணக்கில் வேலை போயிற்று. உள்நாட்டுப் போரிலே நடந்து பழகிய கால்கள் மீண்டும் சாலையேறின. 1876-ல் நியூ ஜெர்சி டிராம்புக்கெதிராகச் சட்டம் செய்தது. மற்ற மாநிலங்கள் தொடர்ந்தன. 1894-ல் மறுபடியும் மந்தம். ஒகையோவில் ஜேக்கப் காக்சி என்பவர், "சாலை போடுங்கள், வேலை கொடுங்கள்" என்று கேட்க, வேலையில்லாதவர்களைத் திரட்டி வாஷிங்டனுக்கு நடந்தார். மார்ச் 25-ல் புறப்பட்டு, மே முதல் நாள் பாராளுமன்ற மாளிகைக்குப் போனார்கள். போனவர் ஏறத்தாழ 500 பேர். படிக்கட்டிலே பேச விடவில்லை. கைது! என்ன குற்றம்? அரசைக் கவிழ்த்தாரா, ஆயுதம் வைத்திருந்தாரா? புல்லை மிதித்தார்! புல்தரையில் நடந்த குற்றத்துக்கு 20 நாள் சிறை. ஐம்பது ஆண்டு கழித்து, 1944 மே முதல் நாள், தொண்ணூறு வயதிலே, அதே படிக்கட்டில் நின்று அதே பேச்சை அனுமதியோடு படித்து முடித்தார் அந்தக் கிழவர்.

அந்தச் சொல்லை எடுத்துத் துடைத்து உலகத்தின் கையிலே கொடுத்தவர் சார்லி சாப்ளின். தொளதொள கால்சட்டை, இறுகிய கோட்டு, சிறிய தொப்பி, பெரிய செருப்பு, கையிலே பிரம்பு. 1914-ல் அந்த உருவம் திரைக்கு வந்தது. 1915-ல் 'டிராம்ப்' என்றே ஒரு படம். அது அவருக்கு வெறும் வேடமா? 1896-ல், ஏழு வயதிலே, தாயோடும் அண்ணனோடும் லண்டன் லாம்பெத் வேலைக்கூடத்துக்குள் போன பிள்ளை அவர். அந்த வாசலின் உட்புறம் அவருக்குத் தெரியும். 1936-ல் வந்த 'மாடர்ன் டைம்ஸ்' முடிவிலே, துவண்ட பெண்ணைச் சிரிக்கச் சொல்லி, அவளோடு நீண்ட சாலையிலே நடந்து போகிறாரே, அதைப் பார்த்துக் கண் கலங்காத தொழிலாளி உண்டோ?

அதே 1936. இங்கிலாந்தின் வடகிழக்கே ஜாரோ என்ற கப்பல் கட்டும் ஊர். பாமர் கப்பல் தளம் முன்பே மூடப்பட்டிருந்தது. மூடியதோடு நிற்கவில்லை, அங்கே 40 ஆண்டுக்குக் கப்பல் கட்டக்கூடாது என்று முதலாளிகளின் கூட்டு அமைப்பு ஒப்பந்தமே போட்டுவிட்டது. ஊர் முழுதும் வேலையற்றோர். 200 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட மனுவை ஓக் மரப் பெட்டியிலே வைத்தார்கள். அக்டோபர் 5-ல் லண்டனை நோக்கி நடந்தார்கள். ஏறத்தாழ 280 மைல். அவர்களுடைய பாராளுமன்ற உறுப்பினர் எல்லன் வில்கின்சன், உருவிலே சிறிய பெண்மணி, தம்மால் இயன்ற நாளெல்லாம் அவர்களோடு நடந்தார்.

ஒன்றிலே அவர்கள் மிகக் கவனமாக இருந்தார்கள். வழியெங்கும் முகம் மழித்தார்கள், செருப்பைச் செப்பனிட்டார்கள், வரிசை குலையாமல் நடந்தார்கள், வாயிசைக் கருவி வாசித்தார்கள். டிராம்ப் என்று எவனும் சொல்லிவிடக் கூடாது! அவர்களுக்கு முன்னே பட்டினிப் பயணம் வந்த தொழிலாளர்களைக் கொட்டடி விதிப்படியே நடத்த வேண்டுமென்று சுகாதார அமைச்சகம் வலியுறுத்தியதை அவர்கள் மறக்கவில்லை.

அக்டோபர் 31-ல் லண்டன் சேர்ந்தார்கள். பிரதமர் பால்டுவின் அவர்களைப் பார்க்க மறுத்தார். நவம்பர் 4-ல் வில்கின்சன் மனுவைச் சபையிலே வைத்தார்; சில நிமிடத்திலே சபை அடுத்த வேலைக்குப் போய்விட்டது. இந்த முறை ரயிலிலே ஊர் திரும்பினார்கள். திரும்பிய பிறகு, வேலையில்லாதோர் உதவிப்பணம் வாங்கப் போனவர்களுக்குப் பணம் குறைந்திருந்தது. ஏன் என்று கேட்டார்கள். நடந்துகொண்டிருந்த நாட்களில் உங்களுக்கு வேலை வந்திருந்தால், அதைச் செய்ய நீங்கள் ஊரில் இல்லையே என்றார்கள் அதிகாரிகள்.